யூக்ளினாவா, பாரமீசியமா, வேறு ஏதாவதா? மூன்று மாணவிகளும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

அண்ணன் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, கூட்டாளிகள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு ஜெலுத்தோங்கில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தே ஓ கலக்கி முடிப்பதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது.

“அத்தை, கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் எப்படி நீந்துதுன்னு ஃபிசிக்ஸ் திட்டம் செய்யப்போறோம். டீச்சர் சரின்னுட்டாங்க. எந்த உயிரை எடுக்கிறதுன்னுதான் சண்டை.”

ஒருத்திக்குப் பாக்டீரியா வேண்டும். பெரிய விஞ்ஞானிகளெல்லாம் அதைத்தான் பேசுகிறார்களாம். இன்னொருத்திக்கு வால்வாக்ஸ் என்ற பச்சைப்பாசி; படம் அழகாக இருக்கிறதாம். அண்ணன் மகளுக்குப் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிர். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலேயே பெயர் தெரியுமாம். கையில் இருப்பதோ ஆறு வாரம், 150 வெள்ளி, பள்ளி ஆய்வகத்து மைக்ரோஸ்கோப் ஒன்று, ஆளுக்கொரு கைப்பேசி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

நான் விஞ்ஞானி இல்லை. 1984-இல் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தவள். சில்லுக்கும் அதன் கால்களுக்கும் நடுவே தங்கக் கம்பி ஒட்டும் வேலை. கம்பியின் தடிமன் 25 மைக்ரோமீட்டர். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷிப்டு முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருந்ததால் அந்த 25 மைக்ரோமீட்டர் இன்றைக்கும் என் கண்ணுக்குள் அளவுகோலாகக் கிடக்கிறது. அங்கே லென்ஸுக்குக் கீழே எதுவும் அசையக்கூடாது. அசைந்தால் ரிஜெக்ட். ஓய்வுபெற்ற பிறகு பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றை வாங்கி, மீன்தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன். அசையாதது எதுவுமே இல்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

பிள்ளைகளிடம் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன்: ஆறு வாரம் இருந்தால் யூக்ளினா என்ற பச்சை ஒற்றைச்செல் உயிர். இரண்டு வாரம்தான் என்றால் பாரமீசியம். பாக்டீரியாவைப் படியுங்கள், வளர்க்காதீர்கள். வால்வாக்ஸ் கிடைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். “யூக்ளினா எங்க லிஸ்ட்லயே இல்லையே அத்தை” என்றாள். இல்லைதான். ஏன் அது முதலில் வந்தது என்று சொல்கிறேன்.

நீச்சல் என்ற சொல்லே தப்பு

எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முதலில் தராசு வேண்டும். நீச்சல்குளத்தில் சுவரை ஓர் உதை உதைத்தால் கையைக் காலை அசைக்காமலே கொஞ்ச தூரம் வழுக்கிப் போவோம். அது நிலைமத்தின் தயவு. தண்ணீரின் பிசுபிசுப்பு, அதாவது பாகுநிலை, நம்மைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. நம்முடைய எடையும் வேகமும் அதை ஜெயித்துவிடுகின்றன. இந்த இரண்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு, 1883-இல் குழாய்களில் சாயம் விட்டுச் சோதனை செய்து காட்டிய ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸின் பெயர்தான். உடலின் நீளத்தை வேகத்தால் பெருக்கி, நீர்மத்தின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண். குளத்தில் நீந்தும் மனிதருக்கு அது பத்து லட்சத்தைத் தாண்டும். தொட்டியில் ஓடும் கப்பி மீனுக்குச் சில ஆயிரம். இனி நம் வேட்பாளர்கள்: பாரமீசியத்துக்கு ஏறத்தாழ 0.25, யூக்ளினாவுக்கு 0.005, கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசிக்கு 0.001, குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு 0.0001-க்கும் கீழே. பினாங்கு வெயிலில் 30 டிகிரித் தண்ணீருக்கு நானே கணக்குப் போட்டது; குளிர்நாட்டுப் புத்தகங்களில் 20 டிகிரிக்குப் போட்டிருப்பார்கள். அந்தப் பத்து டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

0.0001 என்றால் என்ன? செண்டோலுக்கு ஊற்றுகிற குலா மெலாக்கா வெல்லப்பாகைத் தண்ணீரைவிட 5,000 மடங்கு கெட்டியாகும்வரை காய்ச்சி, ஒரு குளம் நிறைய ஊற்றி, நம்மை அதற்குள் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகரச் சொன்னால் எப்படியோ அப்படி. எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர், 1952-இல் வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றவர், 1977-இல் வெளியான தன் உரையில் ஒரு கணக்குச் சொன்னார். வேகமாக நீந்தும் பாக்டீரியா தன் இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்தினால் எவ்வளவு தூரம் வழுக்கும்? ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். நின்ற இடம்தான் நின்ற இடம்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. சார் குவே தியாவில் போடும் கெராங் சிப்பியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒரு கீல், திறக்கலாம், மூடலாம். கெராங் நீந்தாது, ஆனால் ஸ்காலப் என்ற சிப்பி ஓட்டை மெதுவாகத் திறந்து பட்டென்று மூடித் தண்ணீரைப் பீய்ச்சி ஓடும். அதே சிப்பியைப் பாக்டீரியா அளவுக்குச் சுருக்கினால் ஓர் அடி நகராது. நிலைமம் இல்லாத இடத்தில் மெதுவாகத் திறப்பதற்கும் வேகமாக மூடுவதற்கும் வித்தியாசமே கிடையாது. திறந்தபோது போன தூரம் மூடும்போது அப்படியே திரும்பி வந்துவிடும். பர்செல் இதற்குச் சிப்பித் தேற்றம் என்றே பெயர் வைத்தார். ஆகவே நுண்ணுயிர் ஒன்று நகர்கிறது என்றால், போகிற அசைவும் திரும்புகிற அசைவும் ஒன்றுபோல் இல்லாதபடி ஏதோ தந்திரம் செய்கிறது என்று பொருள். நம் ஒப்பீட்டின் முதல் கேள்வி இந்தத் தந்திரம் என்ன என்பது. இரண்டாவது, அதை நம் கைப்பேசி பிடிக்குமா. மூன்றாவது, பினாங்கில் கிடைத்து ஆறு வாரம் உயிரோடு இருக்குமா.

பாக்டீரியா: படிக்க முதலிடம், பிடிக்கக் கடைசி இடம்

தந்திரத்தில் பாக்டீரியாவை மிஞ்ச ஆளில்லை. ஈ. கோலையின் உடம்பு இரண்டு மைக்ரோமீட்டர் நீளம். என் தங்கக் கம்பிக்குக் குறுக்கே பன்னிரண்டு பாக்டீரியாவை வரிசையாகப் படுக்க வைக்கலாம். உடம்பிலிருந்து சில கசையிழைகள் சுருள் வடிவில் நீண்டிருக்கும். அவை சாட்டைபோல் அடிக்கின்றன என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அடிக்கவில்லை, சுழல்கின்றன என்று 1970-களின் தொடக்கத்தில் தெரிந்தது. ஒவ்வொரு இழையின் அடியிலும் உண்மையான மோட்டார். குறுக்களவு 45 நானோமீட்டர் அளவில், நொடிக்கு நூறு சுற்று, ஓட்டுவது புரோட்டான்களின் ஓட்டம். சிப்பித் தேற்றத்திலிருந்து தப்ப இதைவிடச் சுத்தமான வழி கிடையாது: தக்கைத் திருகு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் திரும்பி வரும் அசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லா மோட்டாரும் இடஞ்சுழியாகச் சுற்றும்போது இழைகள் ஒரே கற்றையாகச் சேர்ந்து பாக்டீரியாவைத் தள்ளும். ஒன்றிரண்டு எதிர்ப்பக்கம் சுற்றினால் கற்றை பிரியும், உடம்பு தடுமாறும், புதுத் திசை. ஒரு நொடி ஓட்டம், பத்தில் ஒரு நொடி தடுமாற்றம், மறுபடி ஓட்டம்.

ஏன் ஒரு நொடி? இதுதான் எனக்குப் பிடித்த இடம். தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் முட்டிக்கொண்டே இருப்பதால், இந்தச் சின்ன உடம்பால் சில நொடிகளுக்கு மேல் நேராகப் போக முடியாது. தானாகவே திசை திரும்பிவிடும். அதற்கு மேல் ஓடினால் எந்தப் பக்கம் வந்தோம் என்பதே மறந்துவிடும். ஹோவர்ட் பெர்க், பாக்டீரியாவை விடாமல் துரத்தும் ஒரு மைக்ரோஸ்கோப்பைச் செய்து 1972-இல் இந்த ஓட்டத்தையும் தடுமாற்றத்தையும் முப்பரிமாணத்தில் வரைந்து காட்டினார். இப்படிக் கண்டபடி அலையும் நடைக்கான கணிதத்தை 1943-இல் ஒரு நீண்ட கட்டுரையில் வகுத்துக் கொடுத்தவர்களில் நம் சுப்பிரமணியன் சந்திரசேகரும் உண்டு. நட்சத்திரங்களுக்காக அவர் போட்ட கணக்கு குடல் கிருமிக்கும் பொருந்துகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு பாக்டீரியா கேட்டவளின் முகம் மலர்ந்தது. பாவம், அடுத்த நிமிடமே வாடவும் வைத்தேன். பள்ளி மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கு வைத்தால் கண்ணில் படும் வட்டம் 0.45 மில்லிமீட்டர். அதில் பாக்டீரியா வெறும் புள்ளி, அதுவும் நிறமில்லாத புள்ளி. குவியத்தின் ஆழம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான். நொடிக்கு 30 மைக்ரோமீட்டர் ஓடுகிற ஒன்று அதற்குள் நிற்காது. பெர்க் எதற்காகத் துரத்தும் மைக்ரோஸ்கோப் செய்தார் என்று அப்போது புரியும். இதைவிடப் பெரிய காரணம், எதை வளர்க்கிறோம் என்று தெரியாமல் பள்ளியில் பாக்டீரியா வளர்க்கக்கூடாது. சூடும் ஈரமும் உள்ள ஊர் இது. நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வளரும்.

“அப்ப தயிர்ல இருக்கே அத்தை, அது நல்ல பாக்டீரியாதானே?” நல்லதுதான், ஆனால் தயிர் பாக்டீரியா நீந்தாது. கண்ணாடித் தட்டில் அது நடுங்குவது மூலக்கூறுகளின் முட்டலால். நீந்துகிறது என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. இந்த நடுக்கத்தையும் ஒரு பதிவு எடுத்து வையுங்கள் என்றேன். நீந்துவதோடு பக்கத்தில் வைத்துக் காட்ட நீந்தாதது ஒன்று வேண்டுமே.

இன்னொன்று. லோங்காங், அதாவது சாக்கடைத் தண்ணீரை எடுக்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது இங்கே கைக்கும் பொருந்தும். எலிச் சிறுநீர் கலந்த நீரில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா இருக்கலாம். எலிக்காய்ச்சல் உயிரையே வாங்கும். இதில் ஓர் இயற்பியல் விந்தையும் உண்டு. லெப்டோஸ்பைரா தன் கசையிழையை உடம்புக்கு உள்ளேயே வைத்துக்கொண்டு, திருகாணி போன்ற உடம்பையே சுழற்றுகிறது. மற்ற நீச்சல்காரர்கள் கெட்டிப் பாகில் திணறும்போது, இது கூழ்போன்ற கெட்டியில் இன்னும் நன்றாக ஓடுகிறது. நம் உடம்பின் திசுக்களுக்குள் நுழைய அது வசதி. படித்து வியக்கலாம். தேடிப் போக வேண்டாம்.

பாரமீசியம்: பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும்

சண்டை மீன் வளர்ப்பவர் யாராவது உங்கள் தாமானில் இருப்பார். எங்கள் வரிசையில் இருக்கும் அங்கிள் பிளாஸ்டிக் போத்தலில் வாழைப்பழத் தோலை ஊறவைத்து, மீன்குஞ்சுக்கு முதல் தீனி தயாரிக்கிறார். அந்தக் கலங்கலில் பாரமீசியம் மண்டிக் கிடக்கும். ஒரு குப்பி கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார். செலவு பூஜ்யம்.

நீளம் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கே வெள்ளைப் பொடியாகத் தெரியும். உடம்பைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சிலியா என்ற குறுமயிர்கள். ஒவ்வொரு மயிரும் தள்ளும்போது விறைப்பாக நிமிர்ந்து அடிக்கும். திரும்பும்போது வளைந்து உடம்பை ஒட்டி வரும். போகும் வழி வேறு, வரும் வழி வேறு. சிப்பித் தேற்றத்துக்கு அதன் பதில் இது. ஒரு மயிருக்கும் அடுத்ததற்கும் சிறிய தாமதம் இருப்பதால் உடம்பு முழுக்க அலை ஓடும்; செபராங் பிறை வயலில் கதிர் முற்றும் மாதத்தில் காற்று அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர். 40 மடங்கில் வட்டம் 4.5 மில்லிமீட்டர் அகலம், எனவே நாலைந்து நொடிக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடும். சாதாரணக் கைப்பேசி நொடிக்கு 30 படம் எடுக்கிறது, போதும். எதிலாவது முட்டினால் கால்சியம் உள்ளே பாய்ந்து மயிர்கள் எதிர்த்திசையில் அடிக்கும், வண்டி ரிவர்ஸ் எடுத்துத் திசை மாற்றிப் போகும். மெல்லிய மின்சாரம் கொடுத்தால் எதிர்மின்முனையை நோக்கிக் கூட்டமாக ஓடும். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

பிறகு ஏன் இதை இரண்டாம் இடத்தில் வைத்தேன்? அது முட்டாத நேரம் குறைவு. கண்ணாடித் தட்டின் ஓரம், காற்றுக்குமிழி, குப்பை, இன்னொரு பாரமீசியம் என்று எதிலாவது முட்டித் திரும்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் அளப்பது நீச்சலையா, முட்டலையா என்றே குழப்பம் வரும். மெத்தில் செல்லுலோஸ் கலந்து தண்ணீரைக் கெட்டியாக்கினால் வேகம் குறையும். எவ்வளவு கெட்டிக்கு எவ்வளவு குறைவு என்று ஒரு நல்ல வரைபடம் போடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போத்தல் இரண்டு மூன்று வாரத்தில் நாறும். ஒரு நாள் லட்சக்கணக்கில் இருக்கும், மறுவாரம் பார்த்தால் காலி. ஆறு வாரத் திட்டத்தில் நான்காம் வாரம் உயிர் இல்லாமல் போனால் என்ன செய்வது? இன்னொரு போத்தல், இன்னொரு நாற்றம். அண்ணி என்னைத்தான் திட்டுவார்.

பச்சைக்காரர்கள் இருவர், கூடவே கணினி

கிளாமிடோமோனாஸ் பத்து மைக்ரோமீட்டர் உருண்டை. முன்னால் இரண்டு கசையிழை. நாம் தவளை நீச்சல் அடிப்பதுபோல் இரண்டையும் விரித்து இழுக்கும். நொடிக்கு ஏறத்தாழ 50 முறை. இழுப்பில் முன்னேறி, மீட்பில் கொஞ்சம் பின்வாங்கி, மொத்தத்தில் முன்னால் போகும். வேகம் நொடிக்கு 100 மைக்ரோமீட்டர் அளவில். பாக்டீரியா பின்னாலிருந்து தள்ளும் வகை, இது முன்னாலிருந்து இழுக்கும் வகை. கூட்டமாக நீந்தும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். இப்படித் தாமாக நீந்துபவை அணிவகுத்தால் அந்த ஒழுங்கு தானாகவே குலைந்துவிடக்கூடும் என்று 2002-இல் அதிதி சிம்ஹா, ஸ்ரீராம் ராமசாமி என்ற இயற்பியலாளர்கள் கணக்கால் காட்டினார்கள். உயிருள்ளவற்றின் கூட்டத்தை ஒரு பொருளாகவே பார்க்கும் இந்தத் துறை இன்று வெகுதூரம் வளர்ந்துவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிக்கல் எங்கே என்றால், குளத்து நீரில் பச்சையாக ஓடும் பத்து மைக்ரோமீட்டர் உருண்டைகள் பல இனம். எது கிளாமிடோமோனாஸ் என்று உறுதியாகச் சொல்லச் சுத்தமான வளர்ப்பு வேண்டும். அதற்குப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். கசையிழை அடிப்பதைப் படமெடுக்கலாம் என்றால், கைப்பேசியின் ஸ்லோ மோஷன் நொடிக்கு 240 படம், ஓர் அடிக்கு ஐந்து படம்கூடத் தேறாது. தவளை நீச்சலை ஐந்து போட்டோவில் விளக்கச் சொன்ன மாதிரி.

வால்வாக்ஸ் இதன் தூரத்து உறவு. ஆயிரக்கணக்கான செல்கள் ஒரு பச்சைப் பந்தின் மேல் உட்கார்ந்து துடுப்புப் போடும். 1700-இலேயே லீவன்ஹூக் பார்த்து எழுதியிருக்கிறார். உருண்டு உருண்டு போகிற அழகை என்னால் விவரிக்க முடியாது. ஆனால் அது நினைத்தபோது வராது. ஒரு வாரம் வயல் நீரில் இருக்கும், அடுத்த வாரம் அடையாளமே இருக்காது. விருந்தாளியை நம்பி உலை வைக்கலாமா?

கணினியில் செய்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நொடி நேர்நடை, பிறகு கண்டபடி திரும்பு என்று பத்து வரியில் நிரல் எழுதலாம். வேகத்தின் வர்க்கத்தை ஓட்ட நேரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் பாக்டீரியாவின் பரவல் எண், அதாவது அலைந்து அலைந்து எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு, நொடிக்கு ஏறத்தாழ 300 சதுர மைக்ரோமீட்டர், வந்துவிடும். தயிர் பாக்டீரியாவின் வெறும் நடுக்கத்துக்கு அது ஒன்றுகூட வராது. இந்த ஒப்பீட்டுக்காக மட்டும் கடைசி வாரத்தில் ஒரு மாலை செலவிடலாம். திட்டம் முழுவதும் அதுவே என்றால், நீங்கள் உள்ளே போட்டதைத்தான் வெளியே எடுப்பீர்கள். கண்ணாடித் தட்டுக்கு அந்த நாணயமான பிடிவாதம் உண்டு; நீங்கள் எதிர்பார்க்காததையும் காட்டும்.

யூக்ளினா: கையில் ஒரு சுவிட்ச்

ஐம்பது மைக்ரோமீட்டர் நீளம், என் கம்பியைப்போல் இரண்டு மடங்கு. பச்சை உடம்பு, முன்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி. சாயம் போடாமலே அடையாளம் தெரியும். வேகம் நொடிக்கு 50 முதல் 100 மைக்ரோமீட்டர். 100 மடங்கில் வட்டம் 1.8 மில்லிமீட்டர், அதைக் கடக்கப் பதினெட்டு நொடியாவது எடுக்கும். பாரமீசியத்தைத் துரத்த வேண்டும், யூக்ளினாவைப் பின்தொடரலாம். வேகம் அளக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் பெரிது. டிராக்கர் என்ற இலவச மென்பொருளில் காணொளியைப் போட்டு, படத்துக்குப் படம் புள்ளி வைத்துக்கொண்டே போனால் பாதை தானாக வரும். அளவுக்கு 40 மடங்கில் ஒளி ஊடுருவும் ரூலரின் மில்லிமீட்டர் கோட்டை ஒருமுறை படமெடுத்து, அங்கிருந்து கணக்கு. (தங்கக் கம்பி ஒரு துண்டு வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். தங்கமாச்சே கண்ணு, மிச்சத்தை எடை போட்டுத்தான் வாங்கிக்கொள்வார்கள்.)

அதன் தந்திரமும் குறைந்ததல்ல. ஒற்றைக் கசையிழை முன்பக்கத்திலிருந்து கிளம்பி, பக்கவாட்டில் கயிற்றுச் சுருக்கு வீசுவதுபோல் சுழன்று அடிக்கும். அசைவு ஒருபோதும் வந்த வழியே திரும்பாது. அதனால் உடம்பும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு திருகுப் பாதையில் போகும். இந்தச் சுற்றல்தான் அதன் கண். கசையிழையின் அடியில் ஒளியை உணரும் வீக்கம் ஒன்று இருக்கிறது. சிவப்புப் புள்ளி அதற்குப் பக்கத்தில் நிற்கும் நிழற்குடை. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நிழல் விழும். விழும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பும். வெளிச்சத்துக்கு நேராக வந்துவிட்டால் நிழல் மினுக்குவது நிற்கும், திருப்பமும் நிற்கும். மூளை இல்லை, நரம்பு இல்லை. சுழற்சியும் நிழலும் சேர்ந்து திசைகாட்டியாகிவிடுகின்றன. உயிரியலும் இயற்பியலும் எங்கே பிரிகின்றன என்று யாராவது கேட்டால் நான் இந்தப் புள்ளியைத்தான் காட்டுவேன்.

திட்டத்துக்கு இதனால் என்ன லாபம்? பாரமீசியத்திடம் நீங்கள் கெஞ்ச வேண்டும். யூக்ளினாவுக்கு டார்ச் ஒன்று போதும். போட்டால் ஒரு நிலை, அணைத்தால் இன்னொரு நிலை. மங்கலான ஒளிக்கு நெருங்கி வரும், கண்ணைக் கூசும் ஒளிக்கு விலகி ஓடும். எந்த அளவில் ஆசை பயமாக மாறுகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு முழுத் திட்டம். டார்ச்சின் தூரத்தை மாற்றினால் ஒளி மாறும், கைப்பேசிச் செயலியில் அளவு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. அதில் விழுந்துவிட்டால் ஆறு வாரமும் வீண். மைக்ரோஸ்கோப்பின் விளக்கே ஒரு வெளிச்சம். நீங்கள் பார்க்கத் தொடங்கிய கணமே அது மாறிவிடும். யூக்ளினா நீல ஒளிக்கு மசியும், சிவப்பைக் கண்டுகொள்ளாது. ஆகவே விளக்கின் மேல் சிவப்பு செலோஃபேன் தாளை ஒட்டுங்கள். விலை ஒன்றிரண்டு வெள்ளி. வெப்பமும் குறுக்கே வரும். குளிர்சாதன ஆய்வகத்தில் 22 டிகிரி, வீட்டில் 30. சூட்டில் தண்ணீர் இளகுவதால் வேகம் கூடியதா, உயிரின் இயந்திரம் வேகமாக ஓடுவதால் கூடியதா என்று பிரிக்க முடியாமல் போகும். எல்லா அளவையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் எடுங்கள்.

கிடைக்கும் இடம்: வாசலில் தாமரைத் தொட்டி வைத்திருப்பவர் வீடு. தொட்டியின் ஓரத்தில் பச்சைப் படலம் படர்ந்திருந்தால் பாதி அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். மூன்று நான்கு தொட்டி பார்த்தால் ஒன்றிலாவது இருக்கும். கையுறை போட்டு எடுங்கள், சோப்பில் கை கழுவுங்கள். போத்தலில் வேகவைத்த கோதுமை மணி நாலைந்து, நிழலான ஜன்னல் ஓரம், போதும். தன் சாப்பாட்டை வெளிச்சத்திலிருந்தே பெரும்பாலும் சமைத்துக்கொள்வதால் பாரமீசியம்போல் நாறாது, சட்டென்று சாகாது. வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். திறந்த போத்தலில் ஏடிஸ் கொசு முட்டை வைத்துவிட்டால், சுகாதார அதிகாரிக்கு அறிவியல் திட்டம் என்று சொல்லியும் சம்மனிலிருந்து தப்ப முடியாது.

குறை இல்லாமல் இல்லை. சில யூக்ளினாக்கள் நீந்துவதை நிறுத்திவிட்டு மண்புழுபோல் உடம்பைச் சுருக்கி நெளியும். அவற்றைக் கணக்கிலிருந்து நீக்குவதா, சேர்ப்பதா என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கசையிழையைப் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது கடினம். வால்வாக்ஸைப் போல் பார்த்ததும் வாய் பிளக்க வைக்காது. கண்காட்சி மேசையில் ஒரு பச்சைப் போத்தல், அவ்வளவுதான்.

அழகு வேண்டும் என்றவளுக்காக ஒன்று சொல்லிக் கொடுத்தேன். தட்டையான கண்ணாடிப் பெட்டியில் யூக்ளினாத் தண்ணீரை ஊற்றி, முழுவதும் கறுப்புத் தாளால் மூடி, ஒரு பக்கத்தில் மட்டும் ‘அ’ என்று வெட்டித் திறந்து ஜன்னல் ஓரம் வை. மறுநாள் காலை தாளை எடுத்துப் பார்.

போன வாரம் அவள் இரண்டு படம் அனுப்பினாள். காலை ஒன்பது மணிக்கு எடுத்ததில் கண்ணாடியில் பச்சையாக ஓர் அ, சுழி கொஞ்சம் கோணல். மதியம் இரண்டு மணிப் படத்தில் வெயில் நேராக விழுந்திருக்கிறது. எழுத்து வெளுத்துப்போய், அதைச் சுற்றிலும் பச்சை. கீழே ஒரு குரல்பதிவு: “அத்தை, கெட்டுப்போச்சு. இல்ல, கெட்டுப்போகலையா?”